காப்புத் தகவல்

போன வாரம் சேலம் கடைவீதியில் தட்டுவடை செட் வாங்கினேன். தின்று முடித்த பிறகுதான் அடியில் இருந்த தாளைப் பார்த்தேன். சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். ஏற்காடு மலைக்கிராமத்துப் பெண் ஒருவரின் பெயர், அப்பா பெயர், ஆதார் எண், செல்போன் எண் எல்லாம் பீட்ரூட் கறைக்கு நடுவில் பளிச்சென்று தெரிந்தன. ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய தாள் எடைக்குப் போயிருக்கிறது. மனசு கேட்கவில்லை, துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன்.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அதனால்தான் யாரும் பத்திரப்படுத்தவில்லை.

‘ரகசியம்’ வடசொல். ‘ரஹஸ்’ என்றால் தனிமை. அரசுக் கோப்பு உறைகளில் பார்க்கும் ‘மந்தணம்’ என்பதும் வடமொழி வழி வந்ததுதான். ஆலோசனை என்பது மூலப்பொருள், மந்திரிக்கும் அதே வேர். நம் ஊர்ப் பேச்சில் இதற்குக் கமுக்கம். இவை எல்லாமே மறைப்பதைச் சொல்கின்றன.

ஆனால் ரகசிய முத்திரை விழாத, அதே சமயம் கண்டவர் கையிலும் சிக்கக் கூடாத தாள்கள்தான் அலுவலகங்களில் அதிகம். நோயாளியின் குறிப்பு, திறக்காத ஒப்பந்தப்புள்ளியின் விலை, குடிநீர்க் குழாய் வரைபடம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் இவற்றுக்குத் துறைக்கொரு முத்திரையாக 100-க்கும் மேல் இருந்தன. 2010 நவம்பரில் ஒபாமா 13556-ஆம் ஆணையால் அவற்றை ‘Controlled Unclassified Information’ என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார். பொறுப்பு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு. யார் பார்க்கலாம், எப்படி வைக்க வேண்டும் என்பதோடு, அழிக்கும்போது திரும்பப் படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்பதும் விதி. எடைக்கடைக்கு அங்கே வழியில்லை.

அந்தப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘கட்டுப்படுத்தப்பட்ட வகைப்படுத்தப்படாத தகவல்’ என்று வரும். எந்த எழுத்தர் வாயில் இது நுழையும்? நான் ‘காப்புத் தகவல்’ என்பேன். ‘கா’ என்ற வேரிலிருந்து காவலும் வந்தது, காப்பும் வந்தது. மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டியவரை ஊரே பார்க்கிறது. அவர் ஒளிந்துகொள்வதில்லை, ஆனால் காப்பு அவிழும்வரை அவருக்கென்று கட்டுப்பாடு உண்டு. வளைகாப்பும் அப்படித்தான். மறைக்காமல் காப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சான்றிதழ் விண்ணப்பக் கட்டின் மேல் ‘காப்புத் தகவல், அரைத்து அழிக்கவும்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் போதும், எடைக்குப் போடுகிறவர் கை ஒரு நொடி நிற்கும்.