ஓடியாடும் பிள்ளைக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?

பிள்ளைக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை மதுரையிலோ சென்னையிலோ நடந்திருக்கும். அப்புறம் குடும்பம் அம்பாசமுத்திரத்துக்கோ வள்ளியூருக்கோ திரும்பிவிடும். பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டை ஆஸ்பத்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். “பிள்ளை நல்லாத்தான ஓடியாடிட்டு இருக்கு, எதுக்கு அதப் போட்டு வாராவாரம் குத்துதிய?” என்று ஆச்சி கேட்பார்.

நியாயமான கேள்வி. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. பாதி பழுதானாலும் மீதியை வைத்து வேலையை ஓட்டிவிடும். உடல் புதுக் கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்கி, நிராகரிக்கத் தொடங்கும் நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சலோ சோர்வோ இல்லாமலே இருக்கலாம். கண் மஞ்சளாகும்போது தாக்குதல் வெகுதூரம் போயிருக்கும். அந்த நேரத்தில் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பது ஆபத்து.

தாக்குவது டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். அம்மாவே கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தாலும், பிள்ளையின் மரபணுக்களில் பாதி அப்பாவுடையது. அதனால் அம்மாவின் செல்களில் இருக்கும் சில புரதங்கள் பிள்ளையின் வெள்ளணுக்களுக்கு அந்நியமாகத் தெரியும். அவை முதலில் குறிவைப்பது பித்தநாளங்களின் உட்சுவரையும் சிரைகளின் உட்சுவரையும். கல்லீரல் செல்களும் காயப்படும்போது உள்ளே இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். லேப் சீட்டில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று வருபவை இவைதான். பித்தநாளம் பாதிக்கப்பட்டால் ஜிஜிடி என்ற நொதி ஏறும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதியும் ஏறும். ஆனால் வளரும் பிள்ளைகளின் எலும்பிலிருந்தும் அது வருவதால், டாக்டர்கள் ஜிஜிடியைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

இந்த எண்கள் ஏறினால் நிராகரிப்புதான் என்று முடிவுகட்ட முடியாது. சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, பித்தநாளச் சுருக்கம், கல்லீரல் தமனியில் ரத்தக்கட்டு, எதுவாகவும் இருக்கலாம். குழந்தையின் தமனி மிக மெல்லியது என்பதால் முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிடுவார்கள். நிராகரிப்பு என்றால், மருந்தால் ஏற்கெனவே அடக்கிவைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். தொற்று என்றால் பெரும்பாலும் அந்த அடக்குமுறையைத் தளர்த்த வேண்டும். ஆகவே ஊகித்து மருந்து கொடுப்பது சரிவராது.

கடைசியில் தீர்ப்புச் சொல்வது பயாப்ஸி. கல்லீரலிலிருந்து ஊசியால் நூலிழை போல ஒரு துண்டு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ரத்தக்குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து ஓடும் போர்ட்டல் பகுதியில் வெள்ளணுக் கூட்டம், பித்தநாள அழற்சி, சிரைச் சுவர் அழற்சி ஆகிய மூன்றுக்கும் தலா 3 வரை மதிப்பெண், மொத்தம் 9. கனடாவின் பான்ஃப் நகரின் பெயரால் 1997இல் வந்த முறை இது. உறுதியானால் சில நாள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கல்லீரலில் ஊசி குத்தாமல் கண்டுபிடிக்கவும் வழி தேடுகிறார்கள். இறக்கும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. பிள்ளையின் ரத்தத்தில் கொடையாளியின் துணுக்குகள் எத்தனை சதவீதம் என்று அளந்தால், புதுக் கல்லீரல் அடிபடுகிறதா என்று தெரியும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பாதி மரபணு ஒன்றே என்பதால், இருவரும் வேறுபடும் இடங்களை மட்டும் எண்ணுகிறார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் தொற்றிலும் இந்த அளவு ஏறக்கூடும். ஆகவே பயாப்ஸியின் இடத்தை இது இன்னும் பிடிக்கவில்லை.

நம் ஊர்ப் பெற்றோர் கையில் இருப்பது டாக்ரோலிமஸ் லெவல், அதாவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. 1984இல் ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மருந்து இது. இரவு 8 மணிக்குக் கொடுத்திருந்தால், காலை 8 மணிக்கு அடுத்த டோஸ் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். லேபுக்குக் கிளம்பும் அவசரத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் நிராகரிப்புக்குக் கதவைத் திறந்தது போலாகும்.

மற்ற மருந்துகளும் இந்த அளவோடு விளையாடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதைச் சரித்துவிடும். பாக்டீரியா தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கும் ஏற்றும். தெருமுனை கிளினிக்கில் சளிக்கு எழுதித் தந்த சீட்டைக்கூட, முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பே, மாற்று சிகிச்சை செய்த டாக்டருக்கு ஒரு படம் எடுத்து அனுப்பிவிடலாம்.