கழிமுகம்: ஒரு சொல்லும் அதில் மேயும் பறவைகளும்

“ஐயா, கழிமுகம்னா கழிவுத் தண்ணி வந்து சேர்ற எடமா?”

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, சமூக அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முகப்பில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அவள் மேல் தவறில்லை. கழிவுநீர், கழிப்பறை, கழிவுக் கால்வாய் என்றுதான் ‘கழி’ இன்று பிள்ளைகள் காதில் விழுகிறது. நெய்தல் நிலத்தின் அழகான சொல் ஒன்று இப்படி அழுக்குப் படிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஆறு கடலைச் சேரும் இடத்தில் நன்னீரும் உப்புநீரும் கலந்து கிடக்கும் நீர்ப்பரப்பும், அதை ஒட்டிய சேறும் மணல்திட்டும் அலையாத்திக் காடும் சேர்ந்ததுதான் கழிமுகம். ஆங்கிலத்தில் இதை எஸ்சுவரி என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் ஏஸ்டஸ். பொங்குதல், கடல் ஏறி இறங்குதல் என்று பொருள். அதாவது அவர்கள் ஓதத்தை வைத்துப் பெயர் சூட்டினார்கள், நம்மவர்கள் நிலத்தையும் நீரையும் வைத்துச் சூட்டினார்கள்.

‘கழி’ என்ற சொல்லுக்குள் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒன்று மிகுதி. “சால உறு தவ நனி கூர் கழி மிகல்” என்று நன்னூல் இதை உரிச்சொல்லாகச் சொல்கிறது. ‘கழிபேருவகை’ என்றால் மிகப் பெரிய மகிழ்ச்சி. இன்னொன்று கடந்துபோதல். பொழுது கழிந்தது, நாள் கழிந்தது என்கிறோமே, அது. கழிவு என்ற சொல் இந்த இரண்டாவது ஓட்டத்தில் பின்னால் கிளைத்தது. கடலோரக் கழியில் இரண்டு பொருளும் அப்படியே பொருந்துவதாக எனக்குப் படுகிறது. கடல் மிகுந்து உள்ளே வரும் இடம் அது. ஆறு தன் பாதையைக் கழித்து முடிக்கும் இடமும் அதுதான்.

சங்கப் பாடல்களில் கழி என்றால் உப்பங்கழிதான், வேறு மயக்கமே இல்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் ‘சிறுவெண்காக்கைப் பத்து’ என்று பத்துப் பாட்டு இருக்கிறது. அந்த வெண்காக்கை கடற்காகமாகவோ ஆலாவாகவோ இருக்க வேண்டும். ஒரு பாட்டில் அது “இருங்கழி இரைதேர்ந் துண்டு” பூமணக்கும் சோலையில் போய்த் தங்குகிறது. அடுத்த பாட்டில் “இருங்கழித் துவலை ஒலியின் துஞ்சும்”, அதாவது கரிய கழியின் நீர்த்திவலை எழுப்பும் ஓசையிலேயே தூங்கிவிடுகிறது. மேய ஓரிடம், அடைய ஓரிடம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்பதை அந்தப் புலவர் பார்த்து வைத்திருக்கிறார். இன்று பறவை ஆய்வாளர்கள் வாழிடம் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பதும் இந்த இரண்டைத்தான்.

சரி, கழிமுகத்துக்கு வேறு பெயர்களும் உண்டே? உண்டு. அதில் செட்டிநாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத பெயர் ஒன்று இருக்கிறது. புகார். ஆறு கடலில் புகும் இடம் புகார். காவிரி புகுந்த இடம் காவிரிப்பூம்பட்டினமாகிய புகார். நகரத்தார் அங்கிருந்துதான் பாண்டிநாட்டுக்கு வந்தோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆக நாங்கள் புறப்பட்டு வந்த ஊரின் பெயரே கழிமுகம் என்றுதான் பொருள்படும். ஊருணியும் கண்மாயுமாகக் காய்ந்த செம்மண்ணில் வாழ்கிற எங்களுக்குக் கழிமுகம் தூரத்துச் சொல் இல்லை. ஆனால் புகாருக்கும் கழிக்கு வந்த கதியே வந்தது. இந்துஸ்தானியிலிருந்து வந்த ‘புகார்’, முறையீடு என்ற பொருளில், பழைய புகாரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்று புகார் என்றால் போலீஸ் நிலையத்தில் கொடுப்பது மட்டும்தான். நதிமுகத்துக்கு இருந்த இரண்டு நல்ல சொற்களும் இப்படி ஒலி ஒத்த வேறு சொல்லுக்குள் மூழ்கிப்போனது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது.

அகராதிகளில் கயவாய் என்றும் ஒரு சொல் இருக்கிறது. இன்றைய கலைக்களஞ்சிய எழுத்தில் சிலர் அதை ஆள்கிறார்கள். பேச்சில் நான் கேட்டதில்லை. காயல் என்பது கரையோரத்தில் மணல்திட்டுக்கு உள்ளே அடைபட்டுக் கிடக்கும் நீர். காயல்பட்டினம் நினைவுக்கு வரும். டெல்டாவுக்கும் கழிமுகம் என்று எழுதுவோர் உண்டு. அது குழப்பம். டெல்டா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம், அதற்கு வடிநிலம் என்று சொன்னால் தெளிவாக இருக்கும்.

இனி முகத்துவாரம். செய்தித்தாளில், அரசுக் கோப்பில், மீனவர் பேச்சில் எல்லாம் இதுதான் புழங்குகிறது. துவாரம் வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. மீன்பிடிக்கப் போகிறவர் “முகத்துவாரம் அடைச்சுக் கெடக்கு” என்றால் அது சரியான சொல். படகு கடலுக்குள் போகும் வாய் மணலால் மூடிவிட்டது என்று அர்த்தம். என் மறுப்பு, அந்த வாயின் பெயரை முழு உடம்புக்கும் வைப்பதில்தான். பேத்திக்கு வீட்டை வைத்தே சொன்னேன். “தெருவுல இருந்து நுழையுற நிலைவாசல் இருக்குல்ல, அது முகத்துவாரம். உள்ளே முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் இருக்கே, அது கழி. நிலைவாசலை மட்டும் காட்டி இதுதான் எங்க வீடுன்னு சொல்லுவியா?” அவள் தலையை ஆட்டினாள்.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்கிற விஷயம் இல்லை. முகத்துவாரம் என்று ஒரு திட்டத்தில் எழுதினால், நினைப்பு முழுக்கத் தூர்வாருவதிலும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டுவதிலும் போய்விடுகிறது. கழிமுகம் என்று எழுதினால் சேறும், அதில் மேய்கிற உயிரும் கணக்கில் வந்தே தீரும். பறவைகள் வாழ்வது வாசலில் இல்லை, வளவில்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய், அங்கிருந்து தெற்கே தேவிபட்டினம் சாலையில் இறங்கினால் காரங்காடு வரும். அலையாத்திக் காடு நிறைந்த ஊர். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். வடக்கே போனால் மணமேல்குடிப் பக்கம், அந்தக் காலத்தில் சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்று சொல்லப்பட்ட வெள்ளாறு கடலில் கலக்கிறது. பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையானது என்பதால், நீர் சற்று வற்றினாலே பெரிய சேற்றுப் பரப்பு வெளியே வந்துவிடும். இராமநாதபுரக் கரையில் உவர்மண் வெளியைத் ‘தரவை’ என்பார்கள். பறவை பார்க்கப் போகிறவர் இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

நீர் வற்றும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். சேற்றின் மேலேயே கண்ணால் பார்த்துக் கொத்துவது உப்புக்கொத்தி. அதற்கு அலகு குட்டை, கண் பெரிசு. ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். அதற்குக் கொஞ்சம் கீழே கொசு உள்ளான் தையல் இயந்திர ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும். பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் நீரில் நடந்து தேடும். பட்டைவால் மூக்கன் நீண்ட அலகை மண்ணுக்குள் இறக்கிப் புழுவைத் தொட்டுணர்ந்து இழுக்கும். கோட்டான் என்றால் இங்கே ஆந்தை இல்லை, கரைப்பறவை; அதன் வளைந்த அலகு நண்டு வளைக்குள்ளேயே போய்விடும். ஒரே சேறு, ஆனால் ஆளுக்கு ஓர் ஆழம். ஆழம் குறைந்த நீரில் பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் வடிகட்டுகிறது, கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசி அலசுகிறது. மேலே ஆலாவும் செம்பருந்தும் வட்டமிடுகின்றன. அலகின் நீளத்தை வைத்தே பந்தி பிரித்திருக்கிறது இயற்கை. இதை நேரில் பார்த்த பிறகு ‘பறவை வளம்’ என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கியது.

இவற்றில் பெரும்பாலானவை வலசை வருபவை. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். ஆர்க்டிக் கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசிய வலசைப் பாதையில் இங்கே வருகிறது. பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த பறவை ஒன்று, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரைக்கும் 11 நாள் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது கருவி வழியாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊர்களில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள், மூன்று வருஷக் கணக்கு முடித்து வீடு திரும்புவார்கள். போன இடத்தில் சோறும் படுக்க இடமும் உண்டு என்ற நம்பிக்கையில்தான் கப்பல் ஏறினார்கள். அப்படிக் கடைகளுக்குப் போன குடும்பத்தில் பிறந்த எனக்கு, வலசைப் பறவையின் சேறு காணாமல் போவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காணாமல் போகத்தான் செய்கிறது. கழியைத் தரிசு என்று எண்ணி இறால் பண்ணை வெட்டிய காலம் ஒன்று இருந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனி ஆணையச் சட்டமே வந்தது. வலை விரித்து உள்ளானையும் கொக்கையும் மடையானையும் பிடித்து விற்பது இன்னொரு கேடு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிந்திக்க வேண்டிய கேடு வேறு. அது மேலேயிருந்து வருவது.

கழிமுகம் கழிமுகமாக இருக்க நன்னீர் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்றுநீர் வந்து அதை இளக்கினால்தான் அலையாத்தி செழிக்கும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தங்கும், சேற்றில் புழு பெருகும். அந்த நீர் எங்கிருந்து? மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழியாறு எல்லாம் மழைக்கு மட்டும் ஓடுகிறவை. கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கு வழிந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, கண்மாய் உள்வாயில் வீட்டுமனை போட்டு, ஆற்று மணலை அள்ளிவிட்டால் கலுங்கு வழிவது நின்றுபோகும். வெள்ளம் வந்து தள்ளாத முகத்துவாரத்தைக் கடல் மணல் வைத்து மூடிவிடும். அப்புறம் கழிக்குள் நிற்கும் நீர் காய்ந்து உப்பாகும். ‘கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீர்’ என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு இது நெஞ்சில் குத்துகிறது.

பறவைக்காக விட்டுக்கொடுக்க எங்கள் பக்கத்துக்குத் தெரியாதா என்ன? திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் சரணாலயமாயின. அதைச் சுற்றிய ஊர்க்காரர்கள் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே மரத்தில் அடையும் கரண்டிவாயனும் சாம்பல் நாரையும் கண்மாயிலும் மேயும், கழியிலும் மேயும் இனங்கள். கண்மாய்க்குக் காட்டிய அந்த அன்பு கிழக்கே கடல் வரைக்கும் நீள வேண்டும் என்பதே என் ஆசை. அரசுப் பக்கமும் அசைவு தெரிகிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமானது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல், ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமானது. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைக்கென்றே சரணாலயம் வந்தது.

எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். எஸ்சுவரிக்குக் கழிமுகம் என்றே எழுதுங்கள். படகு போகும் வாய்க்கு மட்டும் முகத்துவாரம். பேக்வாட்டருக்கு உப்பங்கழி, லகூனுக்குக் காயல், நீர் வற்றினால் தெரியும் சேற்றுக்குச் சேற்றுவெளி, உவர்மண் வெட்டவெளிக்குத் தரவை. கழிமுகம் என்று முதல்முறை எழுதும்போது பக்கத்தில் ‘ஆறும் கடலும் கலக்கும் இடம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், கழிவு என்ற மயக்கம் யாருக்கும் வராது.

பேத்தி தன் நோட்டில் கழிமுகம் என்று எழுதி, அடியில் புகார் என்றும் எழுதிக்கொண்டாள். “அப்ப நம்ம ஊருக்கும் பழைய பேரு கழிமுகமா ஐயா?” என்றாள். நாம் கிளம்பி வந்த ஊருக்கு, என்றேன். பொங்கல் லீவில் காரங்காட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். நீர் வற்றும் நேரம் எதுவென்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.