ஒரு பவுன் சன்னமா, இரண்டு பவுனா?

ஹூஸ்டனில் இருக்கும் மச்சான், தங்கச்சியின் கணவர், வீட்டில் வைக்க ஒரு பிஸ்டல் வாங்கப் போகிறாராம். சன்னத்தின் விட்டம் 9 மில்லிமீட்டரா, பொயின்ட் 45 அங்குலமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாத ஊரில், வெள்ளவத்தையில் பௌதிகவியல் படிப்பிக்கிற என்னிடம் ஏன் கேட்டாரோ. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சன்னத்தின் எடையை கிரெயினில் சொல்கிறார்கள். கிரெயின் என்றால் தானியமணி, நம் பத்தர்மார் முன்பு குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரித்தான். 9 மில்லிமீட்டர் ரவையில் வழக்கமாக வரும் 124 கிரெயின் சன்னம் 8 கிராம், செட்டியார் தெருக் கணக்கில் ஒரு பவுன். பொயின்ட் 45இல் 230 கிரெயின், இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் முதலாவது செக்கனுக்கு 350 மீட்டர் அளவில் பறக்கும், மற்றது 255தான். எடையை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கிப் பாதியாக்கினால் இரண்டிலும் சக்தி 490 ஜூலுக்குக் கிட்ட வந்து நிற்கிறது, ஒரு சீமெந்து மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி. உந்தம் மட்டும் பொயின்ட் 45இல் மூன்றில் ஒரு பங்கு கூட. அது சுடுகிறவரின் கையைத்தான் உதைக்கும், அடுத்த வெடி பிந்தும். பட்டவர் படத்தில் வருகிற மாதிரிப் பின்னால் பறப்பதெல்லாம் இல்லை, 70 கிலோ ஆளுக்கு அந்த உந்தம் கொடுக்கும் வேகம் செக்கனுக்கு 5 சென்டிமீட்டர்.

கைத்துப்பாக்கிச் சன்னத்தின் வேகத்துக்குத் தசை பெரும்பாலும் இழுபட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும். சன்னம் நேராகத் தொட்ட இடம்தான் கிழியும், ஆகவே எவ்வளவு ஆழம் போகிறது என்பதே கேள்வி. 1986இல் மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐக்காரர் சுட்ட ஒரு 9 மில்லிமீட்டர் சன்னம் கொள்ளையன் ஒருவனின் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது, அவன் தொடர்ந்து சுட்டு இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், தசைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்ற அளவுகோல் வந்தது.

நுனியில் குழி வைத்த சன்னம் ஏன் என்றால், ஈரமான தசை அந்தக் குழிக்குள் அழுந்தி, செப்புறையைப் பூவிதழ் மாதிரி வெளியே மடிக்கும். அகலம் கூடும், அதோடு பிரேக்கும் பிடிக்கும், மறுபக்கத்தால் வெளியேறி வேறு யாரிலும் படுகிற ஆபத்து குறையும். (இந்த வகையைப் போரில் பாவிக்கக் கூடாதென்று 1899லேயே ஹேக்கில் தடை போட்டார்கள், அமெரிக்காவில் பொலிஸ் கையில் இதுதான்.) கோளாறு எங்கே என்றால், மச்சான் வீட்டுச் சுவர் மாதிரி ஜிப்சம் பலகையைத் துளைத்துப் போகும்போது குழி மாவால் அடைபட்டு, சன்னம் விரியாமல் அடுத்த அறைக்கும் போய்விடலாம். அங்கே பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

ஆகவே உதை குறைந்த 9 மில்லிமீட்டர், அந்த ஜெலட்டின் சோதனையில் தேறிய குழிநுனி ரவை என்று எழுதினேன். வாய் அகன்ற சன்னம் சில பிஸ்டல்களில் குழலின் அடிக்குள் ஏறும்போது சிக்கும், அதனால் ரேஞ்சில் இரண்டு பெட்டியாவது சுட்டுப் பாருங்கள், தங்கச்சியின் கை சின்னது, அவளும் சுட்டுப் பார்க்கட்டும் என்றேன்.

“அவளிட்ட இன்னும் சொல்லேல்லை மச்சான்” என்று பதில் வந்தது.