சைலன்சர் மாட்டினாலும் சத்தம் கேட்கும்

சினிமா வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகிவிட்டுச் சுட்டால், கொசு அடித்த மாதிரி ஒரு ‘ப்சுக்’தான் கேட்கும். நிஜத்தில் சைலன்சர் மாட்டிய வேட்டை ரைஃபிளுக்குப் பக்கத்தில் நின்றாலும் கை தானாகக் காதைப் பொத்தும்.

308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் தோட்டாவைப் போட்டு ரைஃபிளைச் சுட்டால் குழல் வாயருகே 160 டெசிபலுக்கு மேல் போகும். இதுபோன்ற திடீர் ஓசையில் 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில்கூடக் காது நிரந்தரமாகக் கெடலாம். நல்ல சைலன்சர் 20 முதல் 30 டெசிபல் குறைக்கும். டெசிபல் பெருக்கல் கணக்கு என்பதால், 30 குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியும் மிஞ்சுவது 130-க்கு மேற்பட்ட ஓசை.

சத்தத்துக்குக் காரணம், குண்டின் பின்னால் பாயும் வாயு. குழலை விட்டு வெளியேறும்போதும் அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சில நூறு மடங்கு. சைலன்சருக்குள் வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கும். நடுவே குண்டு போக மட்டும் துளை. வாயு அறை அறையாக விரிந்து, சுழன்று, சூட்டை உலோகத்திடம் கொடுத்துவிட்டு மெதுவாக வெளியே வரும். பலூனைக் குத்தாமல் முடிச்சை அவிழ்ப்பதுபோல.

1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹிராம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன்! அப்பா போட்ட சத்தத்துக்குப் பிள்ளை பரிகாரம் தேடியிருக்கிறார். நம் பைக்கின் சைலன்சரும் இதே குடும்பம்தான்.

அடக்க முடியாத ஓசை ஒன்று உண்டு. குண்டு விநாடிக்கு சுமார் 800 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலிக்கு 340-தான். ஒலியை முந்தும் குண்டு வழியெங்கும் காற்றில் அதிர்வலையைக் கிளப்பி, சாட்டை சொடுக்கியதுபோல் ஒலிக்கும். அது குழலுக்கு வெளியே நடப்பது. சைலன்சர் என்ன செய்யும்?

பின்லாந்தில் ‘மூஸ்’ என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களிடம் சைலன்சர் சர்வசாதாரணம். நாய் அந்த மானைத் தேடிப்பிடித்துக் குரைத்தே நிறுத்தி வைக்கும். அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் வேட்டைக்காரர் நெருங்க வேண்டும். காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? நாய்க்கும் காது இருக்கிறதே.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். உள்ளே இடம் கூடக் கூட ஓசை குறையும். ஆனால் துப்பாக்கி நீண்டு, முனை கனத்து, புதரில் மாட்டும். இதற்காகவே குழலின் மேல் பின்னோக்கிப் படரும் வகை வந்தது: இடம் குறையாமல் நீளம் மட்டும் குறையும். நாளெல்லாம் காட்டில் நடப்பவருக்கு எடை குறைந்த டைட்டானியம் நல்லது, விலைதான் கடிக்கும். மைதானத்தில் தொடர்ந்து சுடுபவருக்கு எஃகு போதும். குட்டைக் குழலில் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறுவதால் அதைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். துளை குண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது கட்டாயம். மிகப் பெரிதானால் வாயு நேராகத் தப்பிவிடும்.

பெட்டியில் அச்சிட்ட டெசிபலை மட்டும் நம்பி வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். குழல் வாயருகே அளந்ததா, சுடுபவர் காதருகே அளந்ததா என்பதைப் பொறுத்தே எண் மாறும். முதல் வெடி பெரும்பாலும் சற்று உரக்கக் கேட்கும். உள்ளே தேங்கிய காற்றின் ஆக்சிஜனில், எரியாமல் மிஞ்சிய வாயு பற்றிக்கொள்வதே காரணம். மாட்டியபின் குறி சற்று விலகும் என்பதால் மறுபடி குறி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக்கூடாது.

வேட்டை முடிந்து திரும்பியதும் சைலன்சரைக் கழற்றி உலர வைப்பார்கள். வெடிமருந்து எரிந்த வாயுவில் நீராவியும் உண்டு. அப்படியே விட்டால் குழல் முனை துருப்பிடிக்கும்.