செப்புக் கம்பி இன்டர்நெட் மெதுவாக வந்தால்: எதைக் கேட்கலாம், எங்கே முறையிடலாம்

தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்பில், பெக்கேஜில் போட்டிருக்கும் வேகம் உச்ச வரம்பு மட்டுமே. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதைப் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சிலிருந்து (தொலைபேசி நிலையத்திலிருந்து) வரும் கம்பியின் நீளம் முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொண்டு எழுதும் முறைப்பாட்டை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

தொலைபேசிக் கம்பியில் இன்டர்நெட் தரும் முறைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல்2+ இணைப்பின் உச்சம் வினாடிக்கு 24 மெகாபிட். கம்பி நல்ல நிலையில் இருந்தால் 1 கிலோமீற்றரில் 20 அளவிலும், 2 கிலோமீற்றரில் 15 அளவிலும், 3 கிலோமீற்றரில் 8 அளவிலும், 4 கிலோமீற்றரில் நாலைந்துமாகக் கிடைக்கும். இது கம்பி ஓடும் தூரம். கொழும்பு வெள்ளவத்தையில் எக்ஸ்சேஞ்ச் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாலும், கேபிள் காலி வீதியைச் சுற்றி வந்தால் அந்தச் சுற்றும் கணக்கில் சேரும்.

அதே கம்பியில் ஓடும் இன்னொரு முறையான விடிஎஸ்எல்2 வேகமானது, ஆனால் அது எட்டும் தூரம் குறைவு. ஏடிஎஸ்எல்2+ சுமார் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை பாவிக்க, இது 17 வரை பாவிக்கிறது. அலைவரிசை உயர உயரச் செம்பில் சிக்னல் சீக்கிரம் தேயும். அதனால் 300 முதல் 500 மீற்றருக்குள் பெரிய வேகம் கிடைத்தாலும், ஒன்றரை கிலோமீற்றரைத் தாண்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடும். தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் தெருவோரப் பெட்டிவரை ஃபைபர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம், பற்றரி, கருவி எல்லாம் வேண்டும். இணைப்புகள் நெருக்கமாக உள்ள இடத்தில்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஆகவே பக்கத்துத் தெருவுக்கு 40, உங்களுக்கு 8 என்றால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் 8 வரவேண்டிய கம்பியில் 3 வந்தால் சும்மா விடவும் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) டிஎஸ்எல் நிலை என்ற பகுதியில் மூன்று எண்கள் இருக்கும். அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேய்ந்த அளவு, தூரத்தைச் சொல்லும்: ஏறக்குறைய 14 டெசிபலுக்கு ஒரு கிலோமீற்றர். சிங்க் வேகம் கம்பியில் உண்மையில் பிடித்த வேகம். எஸ்என்ஆர் மார்ஜின் இரைச்சலுக்கு மேல் மிஞ்சியிருக்கும் இடைவெளி. 6 டெசிபல் வழமையான இலக்கு, 2, 3 என்று இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

உதாரணமாக, அட்டெனுவேஷன் 28 (ஏறக்குறைய 2 கிலோமீற்றர், 15 அளவில் வரவேண்டிய தூரம்), சிங்க் 6 மெகாபிட், மார்ஜின் 15 என்றால் கம்பி நன்றாகவே இருக்கிறது; கம்பனி பக்கத்தில் வேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதே 28, அதே 6, மார்ஜின் 5 என்றால் இரைச்சல் உள்ளே நுழைகிறது. அதற்குக் காரணம் வீட்டு வயரிங்காக இருக்கலாம், அல்லது வெளியே துருப்பிடித்த ஜொயின்றாக இருக்கலாம். கடற்காற்றும் மழைநீரும் படும் ஜொயின்றுகள்தான் முதலில் கெடும். மழைக்குப் பிறகு போனில் கரகரச் சத்தம் கேட்டால் அதையும் எழுதிவையுங்கள்.

முறையிடுமுன், வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் சொக்கெட்டில், மற்ற எல்லா போன்களையும் கழற்றிவிட்டு, ரவுட்டரை நேரடியாக மாட்டிப் பாருங்கள். எண்கள் சட்டென்று உயர்ந்தால் பிழை உங்கள் வயரிங்கில், அல்லது ஃபில்டர் (போன் ஒலியையும் இன்டர்நெட் சிக்னலையும் பிரிக்கும் சிறு பெட்டி) இல்லாத ஒரு நீட்டிப்புப் போனில். வேகத்தை வைஃபையில் அளக்காதீர்கள், கேபிள் மாட்டி அளந்து பாருங்கள். ஏடிஎஸ்எல்லில் சிங்க் வேகத்தைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவாகக் காட்டுவது இயல்பு.

முதலில் கம்பனியிடம் முறைப்பாடு பதிந்து இலக்கம் வாங்குங்கள். எண்கள் தெரியும் திரையைப் படமெடுத்து இணைத்து, “இந்தக் கம்பியில் எவ்வளவு வேகம் கிடைக்கக்கூடியது?” என்று எழுத்தில் கேளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போகலாம். இது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, முகவரி 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8, தொலைபேசி 1900. இணைப்பு இலக்கம், முறைப்பாட்டு இலக்கம், கம்பனியின் பதில், எடுத்த திரையின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலர்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலுள்ளவர்களுக்கும் உரிமை தருகிறது.

திருத்த வந்தவர் புறப்படுமுன் அந்த மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். அடுத்த மழை நாளிலும் ஒருதரம் பாருங்கள்.