ஏரி யாருடையது? கிராமசபையில் கை தூக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

எங்கள் ஊர் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பரவனாற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு சிற்றேரி. சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமசபையில், "ஏரி வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று எல்லாரும் கை தூக்கித் தீர்மானம் போட்டோம். ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து, "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அந்தத் துறைக்கு நேரில் போனால், "இது எங்க ஏரி இல்லீங்க" என்றார்கள்.

கோபம் வந்தது உண்மை. அப்புறம் எங்கள் தீர்மானத்தை நாங்களே எடுத்துப் படித்துப் பார்த்தோம். எந்த வாய்க்கால், எந்தப் புல எண், எங்கிருந்து எங்கே வரை அடைபட்டிருக்கிறது, எதுவுமே அதில் இல்லை. "ஏரி வாய்க்கால்" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் சங்கிலி பிடித்து அளக்க முடியாது.

முதலில் ஏரி யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் இருந்தால் அது நீர்வளத் துறையுடையது. பெரியவர்கள் இன்னும் பொதுப்பணித் துறை ஏரி என்றுதான் சொல்வார்கள். வீராணம், பெருமாள் ஏரி, திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரி எல்லாம் அந்த வகை. ஆயக்கட்டு அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்து ஏரி. ஊருணி, குட்டை, குளம் போன்றவை பெரும்பாலும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. கரை உடைந்தால் யாரிடம் போவது, மதகு ஷட்டர் துருப்பிடித்தால் யார் செலவு செய்வது என்பதெல்லாம் இதை வைத்துத்தான். எங்கள் சிற்றேரி ஒன்றியத்துடையது. நாங்கள் அலைந்ததோ நீர்வளத் துறை அலுவலகத்துக்கு.

அடுத்தது புல எண். வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டு விவரம் வந்துவிடும், காசு கிடையாது. அதில் பட்டாதாரர் பெயர் இருக்கும் இடத்தைவிட வகைப்பாட்டையும் குறிப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசு புறம்போக்கு என்று இருந்து, குறிப்பில் ஏரி, வாய்க்கால், குட்டை என்று எழுதியிருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு, பட்டா கொடுக்கக் கூடாத நிலம். புலப்படத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் வாய்க்காலின் அகலம் எத்தனை மீட்டர் என்பதும் தெரிந்துவிடும். எங்கள் வாய்க்கால் நேரில் பார்த்தால் ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இல்லை. படத்தில் இருப்பது அதைப்போல மூன்று மடங்கு.

இணையத்தில் கிடைக்காததை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு பொய் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "என்கிட்ட பி மெமோ ரசீது இருக்கு, இருபது வருஷமா கட்டுறேன், இடம் எனக்குத்தான்" என்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமித்ததற்கு அரசு போடும் தண்டம். அந்த ரசீது சொந்தத்துக்கு ஆதாரம் ஆகாது, ஆக்கிரமிப்புக்குத்தான் ஆதாரம். எத்தனை வருடம் இருந்தார்கள், எவ்வளவு செலவு செய்து கட்டினார்கள், யாரைத் தெரியும் என்பதெல்லாம் ஊர்ப் பொது நிலத்தை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் சொல்லிவிட்டது. அது பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றிய வழக்குதான். ஆனால் பொது நிலங்களை மீட்டு ஊருக்கே திருப்பித்தர வேண்டும் என்ற உத்தரவு எல்லா மாநிலங்களுக்கும் போனது.

ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டமும் ஏரிக்கு ஏரி மாறும். 2007-இல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கு மட்டும் பொருந்தும். ஏரியை அளந்து எல்லை குறிப்பது முதல் ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றுவது வரை அதில் வழி இருக்கிறது. ஒன்றிய ஏரி, ஊராட்சிக் குட்டை இவற்றுக்கு 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். அதில் வேலை வட்டாட்சியர் கையில். எந்தச் சட்டமானாலும் நோட்டீஸ் கொடுத்து, எதிராளியின் பதிலைக் கேட்டுத்தான் அகற்ற வேண்டும். ஊர்க்காரர்களே ஜேசிபி வைத்து இடித்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

சரி, இதில் கிராமசபைக்கு என்ன வேலை? இடிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர், சமூகக் காடு எல்லாம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஊராட்சியைக் கேள்வி கேட்கும் இடம் கிராமசபை. தனி ஆளின் மனு கோப்பில் தூங்கும். கிராமசபைத் தீர்மானம் நாளைக்கு நீதிமன்றத்திலும் எடுத்துக் காட்டக்கூடிய ஆவணம்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், ஏரி விஷயம் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. குறைந்தபட்ச ஆள் கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே ஊதித் தள்ளிவிடுவார். கடலூர் உள்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். "தலைவரே இல்லை, கூட்டம் எதுக்கு" என்று அப்போது எங்கள் ஊரிலும் கேட்டார்கள். கிராமசபை தலைவருடைய கூட்டம் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

தூர்வாரும் பேச்சு வந்தால் வண்டல் மண் பேச்சும் வரும். ஏரியில் அந்த மண்ணை எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும்படி 2024-இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம், மண்ணுக்குக் கட்டணம் இல்லை. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர். மாவட்ட அரசிதழில் அறிவித்த ஏரியில்தான் எடுக்க முடியும். அதனால் நம் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வண்டலை எடுப்பதாகச் சொல்லிக் கரையோரம் கிணறுபோலத் தோண்டினால் கரை உட்காரும். ஐப்பசி கார்த்திகையில் புயல் மழையைப் பார்த்தவர்கள் நாம், 2015 வெள்ளத்தில் பரவனாறு என்ன செய்தது என்பது மறக்கவில்லை.

நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்குவதற்கு யாரிடமும் சட்டம் கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்து ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டு ஏரியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது அந்தச் செடி.

தண்ணீரில் கழிவு கலந்தால் பாதையே வேறு. ஆலைக் கழிவைப் பார்த்த உப்பனாற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 1974-ஆம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு கேட்பதானால் ஐந்து வருடம் வரை நேரம் உண்டு. ஆகவே செத்து மிதக்கும் மீனைப் படம் எடுத்த தேதி முக்கியம்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். பிச்சாவரத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பெயர்) கிடைத்ததும், "நம்ம ஏரியும் ஈரநிலம்தானே, அந்த விதியில கேட்போம்" என்றார் ஒரு தம்பி. 2017-ஆம் வருட ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஏரிகளில் முக்கால்வாசி அப்படிக் கழன்றுவிடும். அதைவிட 2002-ஆம் வருட பல்லுயிர்ச் சட்டம் உதவும். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரில் என்ன செடி, என்ன பறவை, என்ன மீன் என்று மக்கள் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊரில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். புலப்படங்களை ஒட்டிப் பார்த்ததில் வரத்து வாய்க்கால் மூன்று புல எண்களில் ஓடுவது தெரிந்தது. அதில் இரண்டு பக்கத்து வருவாய்க் கிராமத்தில். ஆக, அவர்கள் கிராமசபையும் தீர்மானம் போட்டால்தான் வலு. போன மாதம் அங்கே போய்ப் பேசினோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "உங்க ஏரிக்குத் தண்ணி போறதுக்கு நாங்க ஏம்பா கை தூக்கணும்?"

"பெரியப்பா, எங்க கலிங்குல வழியுற தண்ணிதானே உங்க குளத்துக்கு வருது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த வாய்க்காலுக்கும் நம்பர் எடுத்தாந்தியா?" என்றார். எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கப் போகிறேன்.