புதிய இணையத்தளத்துக்கு ‘ஒரு நாள் பயிற்சி’ ஏன் போதாது

நிறுவனங்கள் புதிய இணையத்தளம் செய்விக்கும்போது ஒப்பந்தத்தின் கடைசி வரி பெரும்பாலும் ‘ஊழியர் பயிற்சி: ஒரு நாள்’ என்றுதான் இருக்கும். அந்த ஒரு நாள் எப்படிப் போகும் என்பது இந்தப் பக்கத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். மட்டக்களப்பு நகரில் ஒரு ஹோட்டல் மண்டபம். வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுக் கிளைகளிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்தவர்கள். புரொஜெக்டர், பத்தரைக்கு ரோல்ஸும் தேநீரும், மத்தியானம் புரியாணி, பின்னேரம் சான்றிதழும் குழுப்படமும். மூன்று மாதம் கழித்து அந்தத் தளத்தைத் திறந்தால் ‘செய்திகள்’ பகுதியில் கடைசியாக ஏறியிருப்பது அந்தக் குழுப்படம்தான்.

இணையத்தளத்தில் எழுத்தையும் படத்தையும் கோப்பையும் ஏற்றி நிர்வகிக்கும் மென்பொருள்களை நிறுவிக் கொடுப்பதும், அவற்றை ஊழியர்களுக்குப் பழக்குவதும் என் தொழில். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என்று மென்பொருளின் பெயர் மாறலாம். முகாமையாளர்களின் முறைப்பாடு மட்டும் மாறுவதில்லை: “எங்கட ஆக்களுக்கு இது ஏறாது.” ஏறும். ஏடிஎம்மும் வாட்ஸ்அப்பும் போனிலேயே காசு அனுப்புவதும் ஏறியவர்களுக்கு இது ஏறாமல் போக வழியில்லை. எந்தப் பட்டனை அமுக்குவது என்பது அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும். தான் அதை அமுக்கலாமா என்பதுதான் கடைசிவரை விளங்குவதில்லை.

காகிதத்தில் ஒரு அறிவித்தல் எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள். முகாமைத்துவ உதவியாளர் வரைவார், கிளை முகாமையாளர் சிவப்புப் பேனையால் திருத்துவார், தலைமையலுவலகத்தில் ஒப்பம் விழும், பிறகு பலகையில் ஏறும். பிழை வந்தால் யார் பொறுப்பு என்பது கோவையிலேயே இருக்கும். புதிய தளத்தில் அதே உதவியாளரின் திரையில் ‘பப்ளிஷ்’ என்று நீலப் பட்டன் ஒன்று நிற்கிறது. இருபது வருடமாக மேலே அனுப்பி ஒப்பம் வாங்கியவரிடம், இனி நீங்களே ஊருக்குச் சொல்லிவிடலாம் என்கிறது அந்தப் பட்டன். அவர் அமுக்க மாட்டார். அமுக்காமல் இருப்பதுதான் புத்தி என்று அவருக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கிளையொன்றிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு அக்கா கேட்டது அச்சொட்டாக இதைத்தான். “சேர், இத அமுக்கினா எல்லாரும் பாப்பாங்களா?” ஓம் என்றேன். “மறுகா பிழை எண்டா ஆரிட்ட கேப்பாங்க?” மண்டபத்தில் இருந்த மேலதிகாரிகள் எவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே பயிற்சிக்கு முந்தைய வாரம் முகாமையாளர்களை மட்டும் கூட்டி வைத்து ஒரு தாளில் எழுதுவிக்கிறேன். யார் எழுதுவார், யார் பார்ப்பார், யார் வெளியிடுவார், வெளியிடுபவர் லீவில் நின்றால் யார். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கூட்டம் நீளும். தாள் முடிந்த பிறகுதான் மென்பொருளில் ஆளுக்கு ஆள் அதிகாரம் கொடுக்க வேண்டும். வேர்ட்பிரஸில் ‘கொன்ட்ரிபியூட்டர்’ என்ற நிலை இருக்கிறது. எழுதலாம், வெளியிட முடியாது, பார்வைக்கு மட்டும் அனுப்பலாம். நம் அலுவலக நடைமுறைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்குப் படம் ஏற்றும் அனுமதி இயல்பாகக் கிடையாது. இதை முன்கூட்டியே சரிசெய்யாமல் பயிற்சிக்குப் போனால், முதல் நாளே பாதிப் பேர் படம் ஏற்ற முடியாமல் ‘தளம் வேலை செய்யுதில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் பிறகு எளிதில் போகாது.

அடுத்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. கொழும்பிலிருந்து வரும் பயிற்றுநர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கோ பயிற்சி நேரத்தில் பாதி இதிலேதான் போகிறது. இங்கே அலுவலகங்களில் வேகமாகத் தமிழ் தட்டச்சு செய்யக்கூடியவர்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். திரையைப் பார்க்காமலே அடிப்பார்கள். ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் போய் உட்கார்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டுகிறது. அதே எழுத்தை இணையத்தளத்தில் ஒட்டினால் முகம் கழன்றுவிடும். வாசகரின் போனில் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டம் தெரியும்.

இதைச் சொல்லிக் கொடுக்காமல், எங்கும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை யூனிகோட் என்பதால் நேரடியாக ‘யூனிகோட்டில் அடியுங்கள்’ என்றால் என்ன நடக்கும்? போனில் அடிப்பது போல ‘அம்மா’வுக்கு ‘ammaa’ என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைக் காட்டுவார்கள். நிமிடத்துக்கு நாற்பது சொல் அடித்த கை பத்துச் சொல்லுக்கு இறங்கும். பதினைந்து வருடத் திறமை ஒரு காலைப்பொழுதில் செல்லாக்காசாகும். அவர் ஏன் அந்தத் தளத்தை விரும்ப வேண்டும்? பாமினி விசை ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு யூனிகோட்டில் எழுதவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவரவர் கணினியில் பயிற்சிக்கு முன்பே அதைப் போட்டுவிட்டால் விரல் பழையபடியே ஓடும், எழுத்து மட்டும் யூனிகோட்டாக விழும். இலங்கைத் தரநிலையான ரெங்கநாதன் விசைப்பலகையைத்தான் எல்லோரும் பழக வேண்டும் என்று வாதாடுவோர் உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அது சரி. ஓய்வுபெற நாலைந்து வருடம் இருக்கிறவரிடம் அதைக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பழைய கோப்புகளை மாற்றும்போது இன்னொரு சிக்கல் வரும். பாமினிக் கோப்பை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோட்டாக்குவது சுலபம். ஆனால் அந்தக் கோப்புக்குள் இருந்த மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாம் அதோடு சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். ஆகவே ஆங்கிலம் வரும் வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றப் பழக்க வேண்டும். பிடிஎப் ஆக்கி ஏற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: பாமினியில் செய்த பிடிஎப் பார்வைக்கு அழகாகத் தெரியும், கூகுள் தேடலில் தமிழில் ஒருபோதும் அகப்படாது.

தமிழ்த் தலைப்பு விஷயமும் இதோடு வந்துவிடுகிறது. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரியை உருவாக்கும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும், மொத்தம் 200 எழுத்தில் வெட்டிவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ‘சிறுபோகக் கடன் விண்ணப்பம் ஏற்கும் கடைசித் திகதி’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘விண்ணப்பம்’ வரைகூடப் போகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளாக நீளமாகக் கிடக்கும். முகவரியை மட்டும் கையால் சிறிய ஆங்கிலச் சொல்லில் போடச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, மண்டபத்துக்குள் என்ன கற்பிப்பது? மெனுவை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போவதை நான் கைவிட்டு வெகு காலம். ஒரு கிளை உத்தியோகத்தர் வருடத்தில் செய்யப்போவது நான்கைந்து வேலைதான்: அறிவித்தல் போடுவது, கட்டண அட்டவணையை மாற்றுவது, விண்ணப்பப் படிவத்தைப் புதுப்பிப்பது, நிகழ்வுப் படம் ஏற்றுவது. அவர் தன் கிளையில் இந்த மாதம் உண்மையிலேயே வெளியிட வேண்டிய அறிவித்தலைக் கையோடு கொண்டுவர வேண்டும். பயிற்சிக்கென்று தளத்தின் நகல் ஒன்றைத் தனியே வைத்து, அதில் விளையாட விடுங்கள். நான் முதலில் காட்டுவது வெளியிடுவதை அல்ல, பழைய நிலைக்குத் திரும்புவதை. எழுதியதைக் குழப்பச் சொல்வேன், முந்தைய பதிப்பை மீட்கச் சொல்வேன், பக்கத்தை அழிக்கச் சொல்வேன், குப்பைத்தொட்டியிலிருந்து எடுக்கச் சொல்வேன். வேர்ட்பிரஸில் அழித்த பக்கம் 30 நாள் தொட்டியில் கிடக்கும் என்று தெரிந்ததும் அறையில் தோள்கள் தளர்வதைக் காணலாம். ஆனால் படமும் பிடிஎப்பும் அப்படியல்ல, அவை அழித்தால் அழிந்ததுதான். இந்த வித்தியாசத்தைச் சிரிப்போடு சொல்லக் கூடாது.

கட்டண அட்டவணையில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். புதிய பிடிஎப்பை அதே பெயரில் ஏற்றினால் பழையது மாறிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாறாது. புதியது பெயருக்குப் பின்னால் ஒரு இலக்கம் ஒட்டிக்கொண்டோ வேறு மாதத்துக் கோப்புறையிலோ தனிக் கோப்பாக நிற்கும், பழையது பழைய முகவரியிலேயே உயிரோடு இருக்கும். போன வருடம் யாரோ வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த இணைப்பைத் திறக்கும் விவசாயி பழைய கட்டணத்தைப் பார்த்து அந்தக் காசோடு வந்து கவுண்டரில் நிற்பார். ஏச்சு வாங்குவது இணையத்தளமல்ல, கவுண்டரில் இருக்கும் பிள்ளை. கட்டணம் போன்றவற்றைப் பிடிஎப்பில் பூட்டாமல் பக்கத்திலேயே அட்டவணையாக எழுதப் பழக்கினால் இந்தத் தலையிடி பாதி குறையும். மூன்று மொழித் தளமென்றால் இன்னொன்றும் உண்டு: ஆங்கிலப் பக்கத்தில் திருத்தினால் தமிழ், சிங்களப் பக்கங்கள் தானாக மாறாது. அம்பாறை மாவட்டக் கிளைகளில் மூன்றும் வாசிக்கப்படும். மூன்றையும் மாற்றும் வரை வேலை முடியவில்லை.

தனியார் விபரங்கள் பற்றிப் பயிற்சிகளில் பேசுவதே இல்லை, அது எனக்கு விளங்காத விஷயம். பயனாளிகள் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடு அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். ‘வெளிப்படைத்தன்மை’ என்று நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறார்கள். புதிய 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, இலக்கத்தைப் போட்டால் பிறந்த திகதியையும் போட்டதாகிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. நிவாரணப் பொதி வாங்கும் பெண்ணின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்து ஏற்றக் கூடாது என்பது சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமும் அல்ல. போன் கமராவில் இட அமைவு திறந்திருந்தால், எடுத்த இடம் படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் என்பதையும் ஊழியர்களுக்குக் காட்டுங்கள். ஒருவரின் படத்தையே எடுத்துத் திறந்து காட்டினால் பிறகு மறக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு நாள் குறிப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். மார்கழி மழையில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வருவது நிச்சயமில்லை. மார்ச் 31 இல் கணக்கு முடிக்கும் நிறுவனமென்றால் அந்த மாதம் கணக்காளரைக் கூப்பிட்டுப் பயனில்லை. நோன்பு மாதத்தில் பின்னேர அமர்வு வைக்க வேண்டாம், வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆவுக்கு இடம் விட்டு வையுங்கள்.

அப்புறம், அந்த ஒரு நாளை உடையுங்கள். தளம் திறப்பதற்கு முன் அரை நாள் போதும். மிச்ச மணித்தியாலங்களை, தளம் திறந்த பிறகு கிளையிலே போய் ஊழியரின் பக்கத்தில் உட்கார்வதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உண்மையான அறிவித்தலை அவர் போடும்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும், மௌஸைத் தொடக் கூடாது. மௌஸைப் பிடுங்கிச் ‘இப்படித்தான்’ என்று செய்துகாட்டும் கெட்டிக்காரப் பயிற்றுநர்களால்தான் அதிகம் கெடுகிறது என்பது என் எண்ணம். முகாமையாளருக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அவர் தன் போனிலேயே வரைவை வாசித்து அனுமதிக்கப் பழகாவிட்டால் கிளைகளிலிருந்து வரும் எல்லாம் அவர் மேசையில் தேங்கும். இரண்டு முறை தேங்கினால் மூன்றாவதை எவரும் எழுத மாட்டார்கள்.

ஒரு அலுவலகத்துக்கே ஒரு அட்மின் கணக்கு, கடவுச்சொல் மொனிட்டரில் ஒட்டிய துண்டில், மீட்பு மின்னஞ்சல் எப்போதோ விலகிப்போன தம்பியின் ஜிமெயில். இதைப் பல இடங்களில் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு இருக்க வேண்டும், மீட்பு மின்னஞ்சல் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். இடமாற்றம் இங்கே ஓயாத விஷயம் என்பதால் நன்றாகப் பழகியவர்களைக் கொண்டே இரண்டு நிமிட வீடியோக்கள் எடுத்து வைக்கச் சொல்கிறேன். கட்டணம் மாற்றுவது ஒன்று, படிவம் மாற்றுவது ஒன்று, திரையைப் பதிவு செய்து, அவர்கள் அலுவலகத்தில் பேசுகிற பேச்சிலேயே. என் வீடியோவை விட அவைதான் அதிகம் பார்க்கப்படுகின்றன. புதிதாக வருபவருக்கு முதல் நாளே அவற்றின் இணைப்பையும் அவர் பெயரிலான கணக்கையும் கொடுத்துவிடுங்கள், போனவரின் கணக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள்.